வெள்ளைக் கட்டையில் ஒரு தேயிலை மலை

டிசம்பர் விடுமுறை முடியப்போகும் நாட்களில் எங்கள் வீட்டில் வருடந்தோறும் ஒரு சண்டை நடக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கும் சண்டை என்றதும் குழம்பு, உப்பு, பாத்திரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வருடம் வாங்கிய கட்டைப் பெட்டிகளில் எது முதலிடம் என்பதுதான் எங்கள் வழக்கு.

கட்டை என்று நாங்கள் சொன்னது பிளாஸ்டிக் செங்கல்லை. மேலே குமிழ் குமிழாக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குள் ஒரு படத்தாள் இருக்கும். அதைப் பார்த்து வீடு, வண்டி, கோட்டை என்று கட்டலாம். பிறகு பிரித்துவிட்டு மனத்தில் தோன்றியதைக் கட்டலாம். பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்த சாமான்தான். எனக்கு அது இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் கைக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்தேன். சொந்த ஊர் ஈப்போ. அண்ணன் மகனுடைய பிறந்தநாளுக்கு ஈப்போவில் ஒரு கட்டைப் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவன் கட்டைகளைத் தரையில் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். பெட்டியைத் தவிர வேறு எதையும் அவன் கேட்கவில்லை. அண்ணி கட்டைகளையும் படத்தாளையும் ஒரு துணிப்பையில் போட்டு, "நீயே எடுத்துட்டுப் போ, உன் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஆகும்" என்றார்.

பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. மலையில் மழை விடவில்லை. ஆசிரியர் குவார்ட்டர்ஸில் நான் ஒருத்திதான். மேசையில் கொட்டி, சும்மா இரண்டைப் பொருத்திப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தபோது அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்து நாறியது. சிவப்புக் கூரையும் திறந்து மூடும் சன்னல்களும் கொண்ட ஒரு மாடிவீடு என் முன்னால் நின்றது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றே தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் வேறொரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். இதைக் கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்த வருடம் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அதே மலையில் இருக்கும் ரிங்லெட்டில், அணைக்கட்டை ஒட்டிய மின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து அவரைப் படிக்கவைத்தவர். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவரை இறங்கி ஏற வேண்டாமென்று என் அம்மாவும் அண்ணனும் மலைக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே பெண் பார்க்க ஏற்பாடு செய்தார்கள்.

அம்மா வந்ததும் முதலில் பார்த்தது மேசைமேல் இருந்த மாடிவீட்டைத்தான்.

"இது என்னாடி, கல்யாணம் கட்டப்போற வயசுல? எடுத்து ஒளிச்சு வை."

"தூக்கினா பிரிஞ்சு போகும்மா."

அம்மா ஒரு பூப்போட்ட மேசைவிரிப்பை எடுத்து அதன்மேல் போர்த்தினார். முன்னைவிட அதுதான் கண்ணை உறுத்தியது. திரை போட்ட சந்நிதி மாதிரி அறையின் நடுவில் நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை உயரமாக, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய அம்மா வெற்றிலை மென்றபடி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை மேசையில் போய் நின்றது.

"அது என்னா டீச்சர், சாமியா? மூடி வெச்சிருக்கீங்க?"

அம்மா முந்திக்கொண்டார். "அது ஸ்கூல் சாமான். பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய் விரிப்பைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். விரலால் சன்னலைத் தள்ளினார். அது திறந்தது. மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். கூரை ஓரத்தை மெல்லத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாடி இருக்கு, கட்டில் இருக்கு. படிக்கட்டு எங்க?"

நான் அந்த வீட்டை எத்தனையோ முறை பிரித்துக் கட்டியிருந்தேன். அதில் படிக்கட்டு இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பெட்டியிலயே இல்லைங்க. படத்துலயும் இல்ல" என்றேன்.

"அப்ப மேல படுக்கிறவன் எப்படிப் போவான்? கூரையப் பிரிச்சிக்கிட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்கும்போது பெண் சிரிக்கலாமா என்று அம்மா முறைத்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். "மிச்சக் கட்டை இருக்கா?" என்று கேட்டு வாங்கி, நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் அண்ணன் மாப்பிள்ளையிடம் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு கட்டையாகப் படி வைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது.

"அம்மா, போதும்லா. அவங்க காப்பி வெச்சிருக்காங்க."

"இருடா. இன்னும் ரெண்டு படி. ஆள் ஏறி பாதியில நிக்கிறான்."

கடைசிப் படியை வைத்துவிட்டு அவர் என் அம்மாவிடம் திரும்பி, "எனக்குப் பிடிச்சிருக்கு. இவனையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார்.

மாப்பிள்ளைக்கும் பிடித்திருந்தது. தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. என் சீர்வரிசையோடு ஒரு துணிப்பையும் ரிங்லெட் வீட்டுக்குப் போனது.

பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. அத்தை தோட்ட வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். நான் காலையில் பள்ளிக்குப் போய்ப் பிற்பகலில் திரும்புவேன். வந்ததும் பசியாற ஏதாவது செய்து வைத்திருப்பார். பக்கத்திலேயே கட்டைகளையும் விரித்து வைத்திருப்பார். படத்தாளில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம்தான். அத்தைக்கு அது பெரிய நிம்மதி. "இத எழுதினவன் நல்லவன். எனக்காவே எழுதாம விட்டிருக்கான்" என்பார்.

எங்களுக்குள் ஒரே ஒரு சச்சரவு வெற்றிலையால் வந்தது. இறுகிப்போன கட்டைகளைப் பிரிப்பது லேசல்ல. அதுவும் கேமரன் மலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது நகம் போய்விடும். அத்தை நேராகப் பல்லில் வைத்துக் கடித்துப் பிரித்துவிடுவார். வெள்ளைக் கட்டைகளில் பல் தடமும் வெற்றிலைச் சிவப்பும் ஏறிவிட்டன. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வெளுக்கவில்லை. கடைசியில் கட்டை தொடும்போது வெற்றிலை கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். மாமியாருக்கு மருமகள் சட்டம் போடுவதா என்று அத்தை அரை நாள் பேசவில்லை. மறுநாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "ஊம், கொட்டு" என்றார்.

என் கணவருக்கு இதில் விருப்பமில்லை. காலை ஷிப்டுக்கு இருட்டோடு எழுந்து போகிறவர். வெறுங்காலில் கட்டையை மிதித்திருப்பவர்களுக்கு அந்த வலி தெரியும். "இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் பெரிய மனுசன்" என்று நொண்டிக்கொண்டே வேலைக்குப் போவார். ஆனால் ஈப்போவுக்குப் போய்வரும்போது பையில் ஒரு பெட்டியை ஒளித்து எடுத்து வருகிறவரும் அவர்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் எங்களுக்கு நல்ல அறுவடை. அதற்கு முன்னும் பின்னும் ஒரே வருடத்தில் அத்தனை பெட்டிகள் வந்ததில்லை.

முதலில் சீனப் பெருநாள் மலிவு விற்பனையில் வந்தது பெட்ரோல் நிலையம். பம்ப், அதன் ரப்பர் குழாய், சின்னதாக ஒரு கார். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அத்தையின் குறை வேறு. "தவுக்கே எங்க உக்காருவாரு? காசு யாருகிட்ட குடுக்கிறது?" என்று கேட்டு, முதலாளி உட்காரப் பின்னால் ஒரு கல்லாவும் நாற்காலியும் சேர்த்துவிட்டார்.

இரண்டாவது பொம்பா. தீயணைப்பு நிலையத்தை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மேலே தூக்கித் திறக்கும் கதவுகள், நீளும் ஏணி. என் கணவருக்கே ஆசை வந்துவிட்டது. பத்திரிகை படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஏணியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்காதமாதிரி இருந்துவிட்டேன்.

மூன்றாவது என் பிறந்தநாளுக்கு வந்தது, நிலாவில் ஓட்டுகிற வண்டி. சாம்பல் நிறத்தில் பள்ளமும் மேடுமாக ஒரு தரை, நீலக் கண்ணாடி போட்ட வண்டி, தலையில் உருண்டைத் தொப்பி வைத்த இரண்டு ஆட்கள். நான் சொக்கிப்போனேன். அத்தை அதைத் தொடவேயில்லை.

"தண்ணி இல்ல, மரம் இல்ல. அங்க போய் என்னா செய்யப்போறாங்க?"

"ஆராய்ச்சி செய்வாங்க, அத்தை."

"பாவம்" என்றார்.

நான்காவது மஞ்சள் கோட்டை. தீபாவளிக்கு அண்ணன் வாங்கி வந்தது. சங்கிலியை இழுத்தால் பாலம் மேலே எழும். குதிரைவீரர்கள் கையில் கொடி பிடித்திருப்பார்கள். கட்டி முடிக்க ஒரு வாரம் பிடித்தது. அன்றிலிருந்தே அத்தை தன் முடிவைச் சொல்லிவிட்டார். இந்த வருடம் கோட்டைதான் முதல். நான் நிலா வண்டி என்றேன். அவர் கோட்டைக்குள் ஆள் வாழலாம் என்றார். நான் நிலாவுக்கு நாமெல்லாம் போக முடியாது, அதனால்தான் கட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். மீன் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் இந்த வாதம் நடந்தது.

அந்த டிசம்பரில் மூவரும் ஈப்போவுக்குப் போனோம். நான்கு மாடிக் கடை ஒன்றில் பொம்மைப் பிரிவுக்கு ஏறியபோது அங்கே நீள நீளமாக மேசைகள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டை கட்டும் போட்டி. தலைப்பு 'என் ஊர்'. ஆளுக்கு ஒரு தட்டு நிறையக் கட்டை கொடுப்பார்கள், ஒரு மணி நேரத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்று இருந்தது. அதையும் படித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம். வரிசையில் ஒரு சீனச் சிறுமிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, வாங்க போலாம். இது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்றார் என் கணவர், குரலைத் தாழ்த்தி.

"நீ போய் காப்பி குடி."

அவர் உண்மையிலேயே காப்பி குடிக்கப் போய்விட்டார்.

பெயர் எழுதிக்கொண்டிருந்தது கடைச் சீருடை போட்ட ஓர் இளம் சீனப்பெண். எதிரில் கண்டாங்கிச் சேலையும் கொண்டையுமாக நிற்கும் ஆளைப் பார்த்துக் குழம்பிப்போய், உங்கள் பேரப்பிள்ளை எங்கே என்று மலாயில் கேட்டாள். அத்தை தன் தோட்டத்து மலாயில் தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார். "சாயா. சாயா மாவு மாசோக்." நான்தான், நான்தான் சேரணும்.

அந்தப் பெண் வயது வரியைக் காட்டினாள். நான் நடுவில் புகுந்து, "அத்தை, பன்னெண்டு வயசுக்குக் கீழன்னு போட்டிருக்கு" என்றேன்.

"எனக்குப் பரிசு வேணாம்னு சொல்லும்மா. உக்கார எடம் குடுத்தாப் போதும். பிள்ளைங்களோட போட்டி போடவா வந்தேன்?"

சொன்னேன். அவள் மேலாளரைப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். மேசைக் கோடியில், போட்டியில் சேராத ஓர் இடம் அத்தைக்குக் கிடைத்தது. நாற்காலி சின்னப் பிள்ளைகளுடையது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டுக்குள் பாய்ந்தார்கள். அத்தை எதையும் எடுக்கவில்லை. கட்டைகளை விரலால் கிளறிக்கொண்டேயிருந்தார். எனக்குப் புரிந்தது. தேயிலை மலை கட்டப் பார்க்கிறார். ஆனால் பச்சைக் கட்டையே இல்லை. அந்தக் காலத்தில் பெட்டியில் பச்சை என்றால் அடித்தட்டும் இரண்டொரு மரமும்தான், செங்கல்லில் பச்சை வராது. பக்கத்துச் சிறுமியின் கப்பல் பாதி எழும்பிவிட்டது. அத்தை எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "வெள்ளைதான் நெறைய இருக்கு" என்றார். பிறகு கை வேலையைத் தொடங்கியது.

வெள்ளையை வெள்ளைமேல் அடுக்கினார். படிப்படியாக, வரிசை வரிசையாக, இடையிடையே கூடைக்காரிகள் நடக்கிற சந்து விட்டு, பின்னால் போகப்போக உயர்த்தினார். ஒரு மலை எழுந்தது. அதன் தோளைத் தொட்டுக்கொண்டு இன்னொன்று. சுற்றி நின்றவர்களுக்கு என்னவென்று தெரியவில்லை. கடைப்பெண் குனிந்து, "ஸ்னோவா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"ஸ்னோ இல்ல. கபுட்" என்றார் அத்தை. கபுட் என்றால் மூடுபனி. "கேமரன். காலையில."

அவள் முகத்தில் தெளிவு வந்தது. "ஓ" என்றாள். அவள் சொல்லி, கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அத்தை தட்டின் மூலையிலிருந்து சின்னச் சின்ன ஒற்றைக் கட்டைகளைப் பொறுக்கினார். சிவப்பு, மஞ்சள், நீலம். அவற்றை வெள்ளை வரிசைகளுக்கிடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் பள்ளிக்கு நடக்கிறபோது தினமும் நான் பார்க்கிற காட்சிதான் அது. பனிக்குள் ஆள் தெரியாது, செடி தெரியாது, தலையில் கட்டிய துணிகளின் நிறம் மட்டும் மலைமேல் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நிறப்புள்ளிகளில் ஒன்றாக அவர் எத்தனையோ வருடங்கள் நின்றிருக்கிறார். எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. என் கணவர் திரும்பி வந்திருந்தார்.

"சிவப்பு, அம்மாவோட துணி" என்றார். கூட்டம் நெருக்கியபோது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் காவல் மாதிரி நின்றார்.

பரிசு கப்பல் கட்டிய சிறுமிக்குக் கிடைத்தது. அத்தை எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார். பிறகு கடை மேலாளர் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். வெள்ளை மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, விடுமுறை முடியும்வரை இதைக் கீழே வாசல் கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பதிலுக்குப் பொம்மைப் பிரிவில் பிடித்த பெட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு ரயில் மேல் கண். மின்சாரத்தில் ஓடுகிற ரயில், தண்டவாளத்தோடு. கண்ணாலேயே அத்தைக்குக் காட்டினேன். அவர் ரயிலைத் தாண்டிப் போனார், விமானத்தைத் தாண்டிப் போனார். கீழ் அடுக்கில் இருந்த, கட்டை நிரப்பிய ஒரு வாளியை எடுத்தார். படத்தாள் இல்லை, ஆள் இல்லை, சக்கரம் இல்லை. வெறும் கட்டைகள்.

"அத்தை! ரயிலு!"

"அதுல ரயில் மட்டும்தான் வரும்" என்றார்.

மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ் வளைந்து வளைந்து மேலே ஏறும்வரை வாளியை மடியிலேயே வைத்திருந்தார். அடுத்த வாரம் மறுபடி ஈப்போவுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போனோம். கடைவாசல் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த வெள்ளை மலையைப் பார்த்தார். கீழே ஓர் அட்டையில் ஏதோ எழுதி வைத்திருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"கேமரன் மலை, காலைப் பனின்னு போட்டு, உங்க பேரும் போட்டிருக்காங்க."

"சரியா எழுதியிருக்கானா பாரு" என்றார். சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். நடைபாதையில் போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை கொண்டையை ஒரு தடவை சரிசெய்துகொண்டார்.

அந்த வருட முடிவில் வழக்கு என் கணவரிடம் போனது. நான் நிலா வண்டிக்காக வாதாடினேன். அத்தை கோட்டையைக் கைவிட்டு வாளியை முன்னிறுத்தினார். அது கடைசி வாரத்தில் வந்தது, அதற்குப் படமே கிடையாது, அதை ஒரு பெட்டியென்றே கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நான் எத்தனையோ சட்டம் பேசிப் பார்த்தேன். கணவர் நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, வாளிக்கே முதலிடம் என்று தீர்ப்புச் சொன்னார். பெற்ற தாய்க்குச் சாதகம் என்று நான் கூச்சலிட்டேன். அந்தத் தீர்ப்பு சரிதான் என்று எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மிச்சமெல்லாம் உடைந்து, தொலைந்து, யார் யாருக்கோ போன பிறகும் அந்த வாளிக் கட்டைகள்தாம் மருத்துவமனை ஆயின, மீன்சந்தை ஆயின, என் மகள் பிறந்த பிறகு அவளுக்கு ஆயிரம் சாமான்கள் ஆயின.

அடுத்த வருடம் அந்தக் கடை பெரியவர்களுக்கும் தனியாக ஒரு மேசை போட்டது. அத்தையை அழைத்தேன். "ஒரு தடவை போயாச்சுல்ல, போதும். எனக்கு இங்க வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டார். போனது என் கணவர். அணைக்கட்டைக் கட்டினார், மதகோடும் குழாயோடும். தபால் நிலையம் கட்டிய ஒரு சீன மூதாட்டி பரிசைத் தட்டிக்கொண்டு போனார். அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அத்தை மகனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, "மதகு நடுவுல வெச்சியா, ஓரத்துலயா?" என்றார்.

"நடுவுலதான்."

"அதான்" என்றார் அத்தை, மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே.